ஒன்பது பேரும் ஐந்து விரல்களும்

என் மகள் ரீஹாமின் வலது கை விரல்கள் ஐந்தையும் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் பெற்ற குழுவில் ஒன்பது உறுப்பினர்கள் இருந்தார்கள். விரலுக்கு ஒருவர் போக நான்கு பேர் மிச்சம். அந்த நால்வரும் மற்ற ஐவரைக் கண்காணிக்க நியமிக்கப்பட்டவர்கள் என்று முதலில் நினைத்தேன். புதன்கிழமை மதியங்களில் தூங்குவதற்கு என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நான் கெய்ரோ மெட்ரோவில் டிக்கெட் ஜன்னலில் உட்காருகிறவள். ஒரு நாள் மாலை நேர வேலையில் நான் இருந்தபோது, பத்து வயது ரீஹாம் வீட்டில் தனியாக உருளைக்கிழங்கு பொரித்தாள். எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் வைத்தார்கள். தோல் பிடித்தது. பிடித்த தோல் இறுகத் தொடங்கியது. விரல்கள் எதையோ விடமாட்டேன் என்பதுபோல உள்ளங்கைக்குள் மடிந்தன. தீக்காயப் பிரிவில் கைப்பயிற்சி கொடுக்கும் மிஸ் நெவீன், ஒரு வருடத்துக்குள் விரல்களை அசைத்து நிமிர்த்தாவிட்டால் அப்புறம் அவை நிமிரா என்றாள். ரீஹாமோ மிஸ் நெவீனின் செருப்புச் சத்தம் கேட்டாலே அலறினாள்.

அப்போதுதான் ஒரு தர்ம அமைப்பு அந்தப் பிரிவுக்கு ஒரு கருவியைக் கொடுத்தது. ஒரு திரை, அதோடு எலுமிச்சம்பழம் அளவுப் பொத்தான்கள் வைத்த ஒரு பலகை. திரையில் ஒரே ஒரு விளையாட்டு. மண்ணைத் தோண்டினால் கல் கிடைக்கும். கல்லை அடுக்கி எது வேண்டுமானாலும் கட்டலாம். யாரும் சாவதில்லை, யாரும் ஜெயிப்பதுமில்லை. மிஸ் நெவீன் கால் மணி நேரம் ரீஹாமை அதன் முன் உட்காரவைத்தாள். ரீஹாம் தொண்ணூறு தடவைக்கு மேல் பொத்தானை அழுத்தினாள். ஒரு தடவைகூட அழவில்லை.

மருத்துவமனை இயக்குநர் வந்து பார்த்தார். கருவியைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். குழந்தைகள் பார்க்கும் திரை எதுவானாலும் ஏற்புடைமைக் குழுவின் சான்றிதழ் வேண்டும், அதுவும் அரசாங்கத்தின் கழுகு முத்திரையோடு. பெற்றோர் ஒருவர் விண்ணப்பிக்க வேண்டும். பிரிவில் பன்னிரண்டு குழந்தைகள். மிஸ் நெவீன் என்னை, ரீஹாமின் அம்மா என்பதால் எல்லாருக்கும் 'உம் ரீஹாம்' ஆன என்னைத்தான், பிடித்தாள்.

"நீதான் போகணும் உம் ரீஹாம். ஜன்னலுக்குப் பின்னாடி உக்கார்றவங்க எப்படி யோசிப்பாங்கன்னு உனக்குத்தான் தெரியும்."

அவள் சொன்னதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

"வீட்டுலயே ஆடலாமே" என்று என் அண்ணி தன் கைபேசியைக் கொடுத்துப் பார்த்தாள். கண்ணாடியைத் தடவ விரல் நீண்டிருக்க வேண்டும். மடங்கிய விரலால் அழுத்தத்தான் முடியும். அழுத்தி அழுத்தித்தான் அது நீளும். கைபேசி செய்தவர்கள் இதை யோசிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அவர்கள் எந்தக் குழுவிலும் இல்லை.

*

பல துறைகளிலிருந்து ஆள் அனுப்பிச் சேர்த்த அந்தக் குழு அதுவரை சினிமாப் படங்களைத்தான் பார்த்து வந்தது. ஆகவே படிவமும் படத்துக்கானது. 'கதையின் முடிவில் தீயவன் தண்டிக்கப்படுகிறானா?' என்று ஒரு கேள்வி. 'கதாநாயகி எத்தனை காட்சிகளில் நனைகிறாள்?' என்று இன்னொன்று. 'இல்லை', 'பொருந்தாது' என்று எழுதிக் கொடுத்தேன். தலைவர் ஃபிக்ரியை எல்லாரும் மரியாதையாக 'பே' என்பார்கள். ஃபிக்ரி பே கண்ணாடியைக் கழற்றினார்.

"தீயவன் தண்டிக்கப்படலியா? அப்ப தப்பிச்சுட்டானா?"

"தீயவனே இல்லீங்க ஐயா. கல்லு மட்டுந்தான்."

"முடிவு?"

"முடிவும் இல்லீங்க. கட்டிக்கிட்டே இருக்கலாம்."

"முடிவே இல்லாத ஒண்ணை முழுசாப் பாத்தோம்னு ஒன்பது பேர் எப்படிம்மா கையெழுத்துப் போடறது? நாங்க மனசாட்சி உள்ளவங்க. இருபத்தாறு வருஷத்துல ஒரு படத்தைக்கூடப் பாதியில எந்திரிச்சுப் போய்ச் சான்றிதழ் கொடுத்ததில்ல. பாக்காமலே கொடுத்திருக்கோம். பாதியில விட்டுட்டுக் கொடுத்ததில்ல."

கடைசியில், புதன்தோறும் இரண்டு மணி நேரம் பார்ப்பது, போதும் என்று குழுவுக்குத் தோன்றும்போது அதையே முடிவாகக் கொள்வது என்று தீர்மானம் போட்டார்கள். மருத்துவமனை அலமாரியிலிருந்து கருவி காவலரோடு வந்து காவலரோடு திரும்பும். அடுத்த சிக்கல், ஒன்பது பேரில் ஒருவருக்கும் அதை இயக்கத் தெரியாது. தொழில்நுட்ப உறுப்பினர் ஒருவர் இருந்தார். அவர் தையல் இயந்திரத் தொழில்நுட்பத்தில் பட்டம் பெற்றவர்.

"குழந்தையையே வரச்சொல்லுங்க. நாம குழந்தைக்கு ஏத்ததான்னுதானே பாக்கறோம்?" என்றார் யாரோ. அந்தக் குழுவில் நான் கேட்ட ஒரே அறிவான வாக்கியம் அது. யார் சொன்னார் என்று நடவடிக்கைக் குறிப்பில் இல்லை.

இப்படித்தான் என் மகள், நாட்டிலேயே அந்த விளையாட்டை ஆட அனுமதிக்கப்பட்ட ஒரே குழந்தை ஆனாள்.

*

முதல் புதன்கிழமை ரீஹாம் பச்சைப் புல்வெளியில் ஒரு சின்ன வீடு கட்டினாள். கதவு வைக்கும்போது விவசாயத்துறைக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"நிறுத்து! அது விளைநிலம்."

ரீஹாம் என்னைப் பார்த்தாள்.

"விளைநிலத்துல வீடு கட்டறது குற்றம். ஆத்தோரமா எத்தனை கிராமத்துல வீட்டை இடிச்சிருக்கேன் தெரியுமா நான்? அழுதாங்க. அடுப்புல சோறு இருக்குன்னாங்க. இடிச்சேன். இங்க ஒரு குழந்தை சிரிச்சுக்கிட்டே கட்டுது, நான் டீ குடிச்சுக்கிட்டு பாக்கவா?"

"பொம்மைப் புல்லுங்க ஐயா அது" என்றேன்.

"பழக்கம் பொம்மையில்லம்மா."

வீடு இடிக்கப்பட்டது. ரீஹாமேதான் இடித்தாள். இடிப்பதற்கும் அதே பொத்தான்தான் என்பதால் எனக்கு வருத்தமில்லை. நாற்பத்திரண்டு அழுத்தல். நான் எண்ணினேன். மூன்று புதன்கிழமைகள் விளைநிலப் பிரச்சினையில் போயின. பிறகு ஃபிக்ரி பே ஒரு வழி கண்டுபிடித்தார். விளையாட்டில் பாலைவனமும் உண்டு. "அரசாங்கமே அங்கதானே கட்டுது, பாப்பாவும் அங்கயே கட்டட்டும்." விவசாயத்துறைக்காரர் நெஞ்சில் கை வைத்துச் சம்மதித்தார்.

பாலைவனத்தில் ரீஹாம் கோபுரம் எழுப்பினாள். வீட்டுவசதித் துறைப் பொறியாளர் ஸஅஃபான் அளவுநாடாவோடு திரைக்கு அருகே போனார்.

"ஏழு மாடி. அனுமதி எங்க?"

"எனக்குப் பத்து வயசுதான் ஆகுது மாமா" என்றாள் ரீஹாம்.

"உன் பேர்ல வேணாம், உங்கம்மா பேர்ல எடுக்கலாம். கண்ணு, நான் உனக்கு எதிரி இல்ல. எங்க தெருவுலயே பதினோரு மாடி கட்டடம் ஒண்ணு இருக்கு, அனுமதி ரெண்டுக்குத்தான். எனக்கே தெரியும். நான்தான் குடியிருக்கேன். அதனாலதான் சொல்றேன், சின்ன வயசுலயே திருத்தணும்."

மாடி இரண்டாகக் குறைக்கப்பட்டது. கல்வித்துறைக்காரர் மாதிரி விடைத்தாள் கேட்டார். எந்தக் கட்டடம் சரி, எந்தக் கட்டடம் தப்பு என்று அச்சிட்டுக் கொடுக்காவிட்டால் குழந்தை தானாக யோசிக்கும் அபாயம் உண்டு என்று அவர் சொன்னது குறிப்பில் அப்படியே இருக்கிறது. இந்த அபாயத்தை ஓர் எச்சரிக்கை வாசகமாகக் கருவியின் அட்டைப்பெட்டியில் அச்சிடலாம் என்றதும் அமைதியானார்.

இதற்கிடையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. புதன்கிழமை ஒழுங்காக அழுத்த வேண்டும் என்பதற்காக ரீஹாம் மற்ற ஆறு நாளும் வீட்டில் பழகினாள். ஊறவைத்த அவரைப் பருப்பை விரலால் நசுக்கித் தோல் உரித்தாள். மேசை விளிம்பில் தட்டினாள். வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு, "புதன்கிழமை மேல்மாடிக்கு ஜன்னல் வைக்கணும்" என்பாள். நான்காம் மாதம் மிஸ் நெவீன் அளந்து பார்த்தாள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் நிமிர்ந்திருந்தன. நடுவிரல் பாதி வழி வந்திருந்தது.

"இதே மாதிரி இன்னும் அஞ்சாறு மாசம் போனா போதும்" என்றாள். "வல்லாஹி, ஆண்டவன் மேல சத்தியமா, அந்தக் குழுவுக்கு நான் பூங்கொத்து அனுப்பப்போறேன்."

அன்று வீடு திரும்பும்போதுதான் எனக்குள் ஏதோ திரும்பிப் படுத்துக்கொண்டது. மெட்ரோவில் நின்றபடியே, ஃபிக்ரி பே அடுத்த வாரம் காய்ச்சலாய்ப் படுத்தால் நல்லது என்று நினைத்தேன். ஒரு வாரக் காய்ச்சல் போதும், கையெழுத்து தள்ளிப்போகும், பெரிதாக ஒன்றும் வேண்டாம். நினைத்ததும் வெட்கமாக இருந்தது. அடுத்த நிலையம் வருவதற்குள் வெட்கம் இறங்கிப் போய்விட்டது.

*

ஐந்தாம் மாதத்தின் மூன்றாவது புதன். ரமலானுக்கு முந்திய கடைசிக் கூட்டம். ரமலானில் குழு கூடாது. பிறகு பெருநாள், பிறகு பெருநாள் அலுப்பு. ஃபிக்ரி பே மேசையில் ஒரு தாள் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். ஜன்னலில் உட்கார்ந்து பதினான்கு வருடம் ஜனங்கள் நீட்டும் காகிதங்களைத் தலைகீழாகவே படித்துப் பழகியவள் நான். படித்தேன்.

'மேற்படி விளையாட்டு நிபந்தனை ஏதுமின்றிக் குழந்தைகளுக்கு ஏற்புடையது.'

பாலைவனமும் இரண்டு மாடியும் எதற்கு என்று அவருக்கே மறந்துபோயிருக்க வேண்டும். அவருக்கு விடுமுறை அவசரம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

மகிழ்ந்திருக்க வேண்டும். நான் கணக்குப் போட்டேன். கருவி ஒன்று. குழந்தைகள் பன்னிரண்டு. பயிற்சி அறை வாரத்தில் இரண்டு காலைகள்தான் திறந்திருக்கும், இரண்டிரண்டு மணி நேரம். ஒரு குழந்தைக்கு வாரம் இருபது நிமிடம். ரீஹாமுக்கு இப்போது நூற்றிருபது நிமிடம். நடுவிரல் பாதி வழியில் நிற்கிறது.

என் பக்கத்தில் தொல்பொருள் துறையின் டாக்டர் மெர்வத் பின்னல் வேலை செய்துகொண்டிருந்தார். நல்ல பெண்மணி. ஐந்து மாதத்தில் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை. இடைவேளையில் ஒருமுறை என்னிடம் மனம் விட்டுச் சொல்லியிருந்தார்: "எல்லாருக்கும் ஆட்சேபணை இருக்கு உம் ரீஹாம். எனக்கு மட்டும் ஒண்ணுகூடக் கிடைக்கல. ஆபீஸ்ல கேக்கறாங்க. என்னைச் சும்மா உக்கார அனுப்பினாங்களான்னு."

நான் அவர் பக்கம் சாய்ந்தேன்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"இவ கல்லுக்காகத் தோண்டறாளே... தோண்டறப்ப கீழ மஞ்சளா என்னமோ மின்னிச்சு. நீங்க பாத்தீங்களா?"

பின்னல் ஊசி நின்றது. மெர்வத்தின் முகத்தில் படர்ந்ததை எப்படிச் சொல்வது? எட்டு வருடம் பிள்ளையில்லாமல் இருந்துவிட்டு எனக்கு ரீஹாம் வயிற்றில் இருக்கிறாள் என்று தெரிந்தபோது என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"தலைவர் அவர்களே!" எழுந்தே விட்டார். "வீட்டுக்கு அடியில தோண்டறா! அனுமதியில்லாம! இந்த நாட்டுல ஜனங்க படுக்கையறைக்குக் கீழ குழி வெட்டித் தங்கம் தேடறாங்க, மூச்சு முட்டிச் சாகறாங்க, கிடைச்சதைக் கடத்தறாங்க. இங்க அரசாங்கமே உக்காந்து குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்குதா?"

ஃபிக்ரி பே பேனாவைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். மடித்துக் கோப்பின் அடியில் வைத்தார். "துணைக்குழு" என்றார் சோர்வாக.

துணைக்குழு பெருநாளுக்குப் பிறகு வேலையைத் தொடங்கியது. ரீஹாம் ஓர் அடுக்கு தோண்டுவாள். மெர்வத் எழுதுவார்: 'மட்டம் ஒன்று, மண். மட்டம் இரண்டு, மண். மட்டம் மூன்று, கல், கல்வெட்டு இல்லை.' அடுக்குக்கு அறுபது அழுத்தல். அவர் அவளை "என் சின்ன உதவியாளரே" என்று கூப்பிட்டார். ரீஹாம் பெருமையில் மிதந்தாள். ஜூலையில் நடுவிரல் முழுக்க வந்தது. ஆகஸ்டில் மோதிரவிரல் அசைந்தது.

மற்றவர்களுக்கும் நான் அவ்வப்போது உதவினேன். ஸஅஃபானிடம் படிக்கட்டுக்குக் கைப்பிடி இல்லாததைக் காட்டினேன். விவசாயத்துறைக்காரரிடம், பாலைவனத்தில் ஒரு செடி முளைத்திருப்பதைச் சொன்னேன். அவர்கள் என்னை மதிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரு புதன்கிழமை எனக்கும் கண்ணாடித் தம்ளரில் தேநீர் வந்தது. அதுவரை காகிதக் கோப்பையில்தான் வரும்.

*

உம் ஸல்வாவை மருத்துவமனை நடையில் அடிக்கடி பார்க்க வேண்டியிருந்தது. அவள் மகள் ஸல்வாவுக்கு ஏழு வயது. இரண்டு கைகளிலும் காயம், அவர்கள் குடியிருந்த கூடாரத்தில் அடுப்பு வெடித்தது. ரீஹாமுக்கு ஒரு மாதம் பின்னால் வந்தவள்.

"என்ன சொல்றாங்க, அக்கா? எப்பத்தான் கொடுப்பாங்களாம்?"

"பரிசீலனையில இருக்கு" என்றேன்.

"அதான் போன மாசமும் சொன்னீங்க."

"துணைக்குழு போட்டிருக்காங்கம்மா. அவசரப்படுத்தினா கோவம் வந்துரும். அதுக்குன்னு ஒரு முறை இருக்கில்ல."

என் வாயிலிருந்து வந்த குரலை நானே கேட்டேன். பதினான்கு வருடமாகக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து "சில்லறை இல்ல, அடுத்த ஆள்" என்று சொல்கிற குரல்தான். ஆனால் அங்கே எனக்கும் எதிரில் இருப்பவருக்கும் நடுவே கண்ணாடி இருக்கும். இங்கே உம் ஸல்வாவின் மூச்சு என் கன்னத்தில் பட்டது.

"நீங்க அலையறதே எங்களுக்காகத்தான், எனக்குத் தெரியாதா" என்றாள். "நான் பாவி, உங்களைப் போயி கேள்வி கேக்கறேன்."

அன்று இரவு ரீஹாம் அவரைப் பருப்பை உரித்துக்கொண்டே கேட்டாள்: "அம்மா, அந்தச் செடி முளைச்சதை நீ ஏன் அவர்ட்ட சொன்னே?"

"அவருக்குத் தெரிய வேணாமா?"

"அவரு தூங்கிக்கிட்டுல்ல இருந்தாரு." கொஞ்ச நேரம் உரித்தாள். "ஸல்வா எப்ப ஆடுவா?"

"தூங்கப் போ" என்றேன். மணி எட்டுகூட ஆகவில்லை.

*

செப்டம்பரில் ஃபிக்ரி பே ஓய்வு பெற்றார். புதிய தலைவர் ஹாஸிம் பே. முன்பு எல்லைப் பகுதியில் பெரிய பதவியில் இருந்தவர் என்றார்கள். முதல் நாளே நிலுவைக் கோப்புகள் அத்தனையும் ஒரு வாரத்தில் முடிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். எங்கள் கோப்பு அதற்குள் இரண்டு கைகளால் தூக்கும் கனத்துக்கு வந்திருந்தது.

கருவியைக் காவலர் கொண்டுவந்து வைத்தார். ரீஹாம் போய் உட்கார்ந்தாள்.

"இது எதுக்கு?" என்றார் ஹாஸிம் பே.

"ஆய்வு பண்றதுக்கு, பே" என்றார் ஸஅஃபான்.

"பத்து மாசமா பாத்தது பத்தலியா? நான் விளையாட்டெல்லாம் பாக்கறதில்ல. எனக்கு முடிவுதான் முக்கியம். இங்க ஒன்பது நிபுணர்கள் பத்து மாசம் உழைச்சு எழுதியிருக்கீங்க. உங்க உழைப்பு வீணாகக் கூடாது. அத்தனை ஆட்சேபணையையும் நிபந்தனையாச் சேர்த்து ஏற்புடையதுன்னு கொடுத்துருவோம். குழந்தைக்கு விளையாட்டும் கிடைச்சாச்சு, நாட்டுக்குச் சட்டமும் மிஞ்சியாச்சு. யாருக்காவது மறுப்பு உண்டா?"

மெர்வத் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கடைசியில் நான்தான் வாய் திறந்தேன்.

"ஐயா, தோண்டாம கட்ட முடியாதுங்க. தோண்டினாத்தான் கல்லு வரும்."

"இதுல 'தோண்டுதல்' ஆட்சேபணையை முதல்ல கவனிச்சது விண்ணப்பதாரர்னு போட்டிருக்கே." கோப்பைப் புரட்டினார். "டாக்டர் மெர்வத் நேர்மையா எழுதியிருக்காங்க. 'பெயர் உம் ரீஹாம், விழிப்புணர்வுள்ள தாய்.' நீங்கதானேம்மா? உங்களை மாதிரித் தாய்மார்தான் வேணும்."

எல்லாரும் கை தட்டினார்கள். தூங்கிக்கொண்டிருந்த நால்வரும் எழுந்து தட்டினார்கள். ஆறு நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. ரீஹாம் ஒரு பொத்தானையும் தொடவில்லை.

*

பிரிவில் விழா வைத்தார்கள். இயக்குநர் நாடா வெட்டினார். திரையில், அனுமதி பெற்ற இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று முன்கூட்டியே கட்டி முடிக்கப்பட்டு, பாலைவனத்தில், செடி எதுவும் இல்லாமல் நின்றது. படிக்கட்டுக்குக் கைப்பிடி இருந்தது. பலகையில் தோண்டும் பொத்தான், அடுக்கும் பொத்தான் எல்லாவற்றிலும் சிவப்பு மெழுகு ஊற்றிக் கழுகு முத்திரை குத்தியிருந்தார்கள், சட்டவிரோதக் கடைகளின் பூட்டில் ஊற்றுவார்களே, அதே மெழுகு. ஒரு பொத்தான் மட்டும் திறந்திருந்தது. அதை அழுத்தினால் கட்டடம் மெல்லச் சுற்றும். எல்லாப் பக்கமும் பார்க்கலாம்.

குழந்தைகள் வரிசையாக வந்து ஆளுக்கு ஒருமுறை அழுத்தினார்கள். கட்டடம் சுற்றியது. மிஸ் நெவீன் சுவரோரம் கை கட்டி நின்றாள், என் பக்கம் திரும்பவேயில்லை. ஸல்வாவுக்கு இரண்டு கைகளும் மூடியிருந்தன. மணிக்கட்டால் அழுத்தினாள்.

"அம்மா, சுத்துது!" என்றாள்.

உம் ஸல்வா ஓடிவந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"பத்து மாசம் அக்கா! பத்து மாசம் எங்க பிள்ளைங்களுக்காக ஏறி எறங்கியிருக்கீங்க. உங்க கடனை நான் எப்படித் தீர்ப்பேன்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவள் அதை அடக்கமாக எடுத்துக்கொண்டாள்.

"உங்க ரீஹாம் கை எப்படி இருக்கு இப்ப? எங்க, காட்டு கண்ணு, பாக்கறேன்."

ரீஹாம் என் பின்னால் நின்றிருந்தாள். சுண்டுவிரலைத் தவிர நான்கும் நேராக நிமிர்ந்த கை அது. மிஸ் நெவீன் அளந்து, படமெடுத்து, கோப்பில் ஒட்டிய கை. உம் ஸல்வா குனிந்தாள். மற்றக் குழந்தைகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

ரீஹாம் கையை நீட்டினாள். நீட்டுவதற்கு முன் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்க வலிக்க, உள்ளங்கைக்குள் மடித்து வைத்திருந்தாள்.